மேல ஏத்திக்கினு போ நைனா

இதற்கு நான் கண், காது, மூக்கு எதுவும் வைக்கவில்லை. நடந்தது நடந்தபடியே இருக்கிறது. 2005 டிசம்பர் 28, புதன்கிழமை, விடியற்காலை 5.52. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாமல் இருந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

என் பெயர் இம்ரான். உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டல் செய்கிறவன் நான்தான்.

என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துபாயில் இருக்கும் அண்ணன் தௌசீப் வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் வண்டி. பெரிய வண்டி. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. சின்னக் கார் படம், அதற்கு அடியில் நெளிநெளியாக இரண்டு கோடு. சக்கரம் வழுக்கினால் அது சிமிட்டும். உடனே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைத்து, தானே பிரேக் பிடித்து, வண்டியை நேராக்கிவிடும். "ஐஸ் கொட்டுற நாட்டுக்காகச் செஞ்சது சார்" என்றார் விற்றவர். உத்திரமேரூரில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். நன்றாகச் சிரித்தேன்.

அந்த விளக்கு அதுவரை ஒரே ஒரு தடவைதான் சிமிட்டியிருந்தது. அதே வருடம் ஜனவரி, பக்ரீத்துக்கு நாலு நாள் முன்னால். ஊருக்கு வரும் அண்ணனை அழைத்துவர விடியலில் தனியாக ஏர்போர்ட்டுக்குப் போனேன். செங்கல்பட்டு ரோட்டில், ஏரிக்கரை ஓரமாக, அறுத்த கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறித்தான் காய் வெடித்துக் கொள்ளு உதிர வேண்டும். ஒதுங்கிப் போனால் காவலுக்கு நிற்கும் பெண்களுக்குக் கோபம் வரும். "மேல ஏத்திக்கினு போ நைனா" என்று கையைக் காட்டுவார்கள். அன்றைக்கு யாரையும் காணோம். இருந்தாலும் ஏற்றினேன். உருண்டைக் கொள்ளு, மேலே பனி ஈரம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கோணியது. விளக்கு நாலு முறை சிமிட்டியது. அவ்வளவுதான், நூல் பிடித்த மாதிரி நேராக வெளியே வந்துவிட்டேன். பிரேக்கைக்கூடத் தொடவில்லை. ஒரு வாரம் பஜார் முழுக்க இந்தப் பெருமைதான் பேசினேன்.

டிசம்பரில் அம்மாவுக்கு ஹஜ் பயணம். அம்மா பெயர் உம்முல் குல்சும், வயது அறுபத்தெட்டு. பதினோரு வருட ஆசை. மூன்று முறை ஹஜ் கமிட்டிக் குலுக்கலில் பெயர் வரவில்லை. இதயம் வேறு பலவீனம். இந்த வருடம் விட்டால் அடுத்து விமானம் ஏற விடமாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 28ஆம் தேதி காலை எட்டரைக்குள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். தவறினால் இந்த ஜென்மத்தில் இல்லை.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்பு கேட்பார்கள். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மா பத்து நாள் நடந்தாள். பால்காரர், தையல்காரர், முப்பது வருடமாகப் பேசாத சின்னம்மா, ஒருவரையும் விடவில்லை. "எம்மேல எதுனா கொறை இருந்தா மாப்பு பண்ணிடுங்க."

"நீயும் ஒரு நட வந்து கேளேன்டா" என்றாள் என்னிடம்.

"நான் யாருக்கு இன்னா பண்ணேன்?" என்று சிரித்தேன்.

அன்று விடியல் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி என்பதால் என் வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். 5.35க்கு ஊரைத் தாண்டினேன். மார்கழிப் பனி. ஹெட்லைட் பத்தடிக்கு மேல் போகவில்லை.

5.50. ஏரிக்கரை வந்தது.

மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

ரோட்டைப் பார்த்தேன். காய்ந்த தார் ரோடு. ஒரு பொட்டு ஈரமில்லை. வண்டி நாற்பதில்தான் போகிறது. ஆனாலும் விளக்கு விடாமல் சிமிட்டியது. ஏதோ ஒயர் கோளாறு என்று நினைத்தேன்.

"இன்னாடா அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. காய்ந்து, பழுப்பாக, முழங்கால் உயரத்துக்கு.

மார்கழியில் ஏது காய்ந்த கொள்ளு? இந்தப் பக்கத்து வயலிலெல்லாம் அது இன்னும் பச்சைக் காயாகத்தான் நிற்கிறது. தை பிறந்துதானே அறுப்பார்கள்...

யோசிப்பதற்குள் வண்டி ஏறிவிட்டது. நடுவில் நின்றுவிட்டது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். 'உர்ர்ர்' என்று ஏறிய சத்தம் தானாக இறங்கியது. மறுபடி மிதித்தேன். மறுபடி இறங்கியது. நான் முடுக்க முடுக்க வண்டி அடக்கியது. ரிவர்ஸ் போட்டேன். அதுவும் அப்படியே.

வண்டிக் கடிகாரத்தில் மணி 5.52.

விளக்கை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். அணையவில்லை. இறங்கித் தள்ளலாம் என்று கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. அம்மா பக்கமும் திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை.

"மணி ஆவுதேடா..." அம்மா பாஸ்போர்ட் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு வேகமாக வாங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டிக்குள் குளிர்ந்தது. ஏசி போடவில்லை. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது.

பட்...

காய் வெடிக்கிற சத்தம்.

பட்... பட்...

யாரோ செடி மேல் நடந்து வருகிறார்கள். ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்து. பின்பக்கமிருந்து. மெதுவாக.

பட்... சர்ர்ர்... பட்...

என் ஜன்னலைத் தாண்டியது. நிற்கவில்லை. முன்னால் சுற்றியது. ஹெட்லைட்டைக் கடந்தபோது ஒரு நிழல்கூட விழவில்லை.

மணியைப் பார்த்தேன். 5.52.

அம்மா பக்கம் நின்றது.

ஒரு பெண் குரல். வாயில் மண் அடைத்த மாதிரி.

"இன்னொரு வாட்டி மேல ஏத்து நைனா..."

நான் மறுபடி அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

அம்மாதான் பேசினாள். பத்து நாள் பழக்கம். வாய் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். மூடிய கண்ணாடியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"யாரும்மா நீ? எம்மேல எதுனா கொறை இருந்தா மாப்பு பண்ணிடும்மா. ஹஜ்ஜுக்குப் போய்க்கினு கீறேன்."

விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு...

"நீ போம்மா. உன்னாண்ட எனக்கு ஒண்ணுமில்ல."

விளக்கு அணைந்தது.

5.53.

மிதித்த மிதியில் வண்டி பாய்ந்தது. பூத்திருந்த வெள்ளை கலைந்ததும் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வெறும் ரோடு. ஒரு செடி இல்லை.

எட்டேகாலுக்கு ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தோம். அம்மா அழுதுகொண்டே உள்ளே போனாள். "பாவம்டா அந்தப் பொம்பள, குளுருல நின்னுக்கினு இருந்துச்சு" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. அவள் அதைப் பேய் என்று நினைக்கவே இல்லை.

திரும்பும்போது பட்டப்பகல், பன்னிரண்டரை. அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ராஜாராம் என்பவரின் டீக்கடை. நிறுத்தினேன். "ஏரிக்கரைல கொள்ளு யாரு போட்டுக்கீறாங்க?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் பாத்தியா? அது கங்கம்மாள். இருளர் குடிசைப் பொம்பள. டிராக்டர் வர்ல, அள்ள முடியலன்னு ராவு காவலுக்கு வெச்சிருந்தாங்க. பனிக்கு அந்தச் செடியையே மேல போத்திக்கினு தார் ரோட்டுலயே படுத்துடுச்சு. தார்ல பகல் சூடு கொஞ்சம் இருக்குமில்ல... விடியல்ல ஒரு வண்டி ஏத்திட்டுது."

"இன்னா வண்டி?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? பெரிய வண்டி. டயர் தடம் பாத்தோமே. எவனா இருந்தாலும் அந்தக் கொள்ளுல வழுக்கி, கோணி, நின்னிருப்பான். எறங்கிப் பாத்திருப்பான். இது கோடு போட்டாப்ல நேரா பூட்டுது. வெயில் வந்து செடியப் பொரட்டினப்பதான் தெரிஞ்சுது. மூணு மணி நேரம் உசுரோட கெடந்திருக்கு."

"எப்போ?"

"போன தைலதான். காணும் பொங்கலுக்கு மறுநாள்."

பக்ரீத்துக்கு நாலு நாள் முன்னால்.

அம்மா நல்லபடியாக ஹஜ் முடித்து வந்தாள். வழக்கம்போல் எல்லார் வீட்டுக்கும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தாள். கடைசியில் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"ரோட்டுல நமக்கு வழி வுட்டாளே, அந்தப் பொம்பளைக்கு. நீயே போய்க் குடுத்துடு."

அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. கங்கம்மாளின் மகன் இருசப்பன் குடிசை, டீக்கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் இன்னும் போகவில்லை. செங்கல்பட்டுக்குக் காஞ்சிபுரம் சுற்றித்தான் போகிறேன்.

வண்டியை மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். ஆனால் நான் தனியாக உட்கார்ந்து சாவி போட்டால், எந்த ரோடாக இருந்தாலும், அந்த மஞ்சள் விளக்கு நாலு முறை சிமிட்டுகிறது.