உரிகிற காரும் ஆறாவது ஆளும்

நர்ஸ் அக்கா அந்த ஷோரூமுக்கு வருவது இது ஆறாவது தடவை. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத காரின் பானட்டில் பெயிண்ட், தீப்புண் ஆறும்போது உரியும் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. வாரண்டி மூன்று வருஷம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேஜைக்குப் பின்னால் வேறு ஆள். ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வார்டில் ஷிப்ட் முடிந்தால், அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்காமல் அவள் கைப்பையைக்கூடத் தொடமாட்டாள். இங்கே வேலையை விட்டுப் போகிறவர்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள்.

இன்றைய ஆள் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். நரைத்த மீசைக்காரர். புகார் படிவத்தைத் தேடி மேஜையையே தலைகீழாக்கினார்.

"ரெண்டாவது டிராயர்ல பாருங்க சார். நீலக் கலர்."

எடுத்தார். "போட்டோ வேணுமே?"

"முன்னாடி எடுத்த எட்டு போட்டோவும் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. வண்டி நம்பர் போடுங்க, வரும்."

அவர் அசந்துபோனார். "நீங்க முன்னாடி இங்க வேலை பார்த்தீங்களா மேடம்?"

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, கத்தவும் தெம்பில்லை.

படிவத்தோடு மேனேஜர் அறைக்குள் போனவர், தொங்கிய முகத்தோடு திரும்பினார். "வாரண்டில பண்ண முடியாதுன்னுட்டாரு மேடம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, இதுல என்ன எழுதறது?"

"பறவை எச்சம் பட்டு உரிஞ்சதுன்னு எழுதுங்க சார், அதுக்கு வாரண்டி கிடையாதாம். அஞ்சு தடவையும் அதான் எழுதினாங்க." அவள் எழுந்தாள். "வண்டி நிக்கறது பூட்டின ஷெட்ல. அதை எழுத இந்தப் படிவத்துல கட்டம் கிடையாது."