சிவப்பு சிக்னலில் ஒரு வாக்கியம்

அமெரிக்காவில், குபெர்டினோவில் எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைக்கும் வரை, ஆபீசில் பக்கத்து சீட்டுச் சீனர்தான் தன் காரில் என்னை அழைத்துப் போனார். ஒல்லியான மனிதர், எந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். மடியில் எப்போதும் ஒரு கட்டு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல், சீன மொழியில் அதன் பொருள், கீழே உதாரண வாக்கியத்துக்குக் காலி இடம். சிவப்பு விழுந்தால் ஒன்றை எடுப்பார். வாக்கியத்தை மட்டும் என்னிடம் கேட்பார்.

"புத்தகத்தில் இருப்பதெல்லாம் செத்த வாக்கியம். நீ சொல்."

தமிழில் பொருள் எழுதி ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தவன் நான். சந்தோஷமாகச் சொல்லி வந்தேன்.

வேறு கம்பெனிக்கு ரகசியமாக இன்டர்வியூ போய்வந்த மறுநாள், அவர் எடுத்த சொல் 'ரிசைன்'. எனக்குப் பகீரென்றது. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலையோடு விசாவும் போய்விடும். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

"டேய், அவன் உன் வாயப் புடுங்கறான்டா. இனிமே நாய், பூனையப் பத்தி மட்டும் பேசு," என்றான் அன்றிரவு விஷயத்தைக் கேட்ட ரூம்மேட்.

அடுத்த சொல் 'லாயல்'.

"எங்கள் நாய் மிகவும் லாயல்," என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என் நண்பன் ரிசைன் செய்வதாக இருந்தால், முதலில் என்னிடம் சொல்வான். சரியா?"

"இலக்கணம் சரிதான்," என்றேன்.

என்னையே பார்த்தார். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார். அந்த வாக்கியத்தை மட்டும் அவர் அட்டையில் எழுதவில்லை. அதை நட்பில் கேட்டாரா, மேனேஜருக்காகக் கேட்டாரா என்பது வேலை மாறிய பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.