நாற்பத்தொரு ‘ஓம்’

ஆசிரியை ஹேசல் தன் கல்வி வளாகத்தை விட்டுப் போனது 2024 மார்ச் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். கையில் ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு குடை. வாசலில் காவலாளி ஆதம்பாவா எழுந்து நின்று கேட்டார்.

“மிஸ், நாளைக்கு வருவீங்கதானே?”

“ஓம், ஆதம்பாவா.”

ஸ்கூட்டரில் காத்திருந்த எனக்குத் தெரியும், ஹேசல் இனி வரப்போவதில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று வழியில் கேட்டேன்.

“பொய்யில்ல புள்ள. அவர் சொன்னது கேட்டிச்சு எண்டு சொன்னன். அவ்வளவுதான்.”

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் அப்போது ஹேசலின் வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன்; அவரை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்குவதும் நான்தான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பம். அவருடைய முதல் வேலை, சுனாமிக்குப் பிறகு வாகரையில் நிவாரணப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவது. ஒரு நாள் ஒரு விதவை வந்து, “என்ட பேர ஆரிட்டயெல்லாம் குடுத்த நீங்க?” என்று கேட்டாராம். பட்டியல் எத்தனை கை மாறியிருந்தது என்று ஹேசலுக்கே தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் சட்டம் படிக்கப் போனார்.

பிறகு, வெளிநாட்டுப் பட்டம் தரும் ஒரு தனியார் வளாகத்தில் கணினி மாணவர்களுக்குச் சட்டமும் தொழில் ஒழுக்கமும் கற்பித்தார். மாணவர்கள் வைத்த பெயர் நித்திரைப் பாடம்.

அந்த வருடம் யாருக்கும் நித்திரை வரவில்லை. இறுதியாண்டு மாணவன் சிவதர்ஷன் வாவி மீனவர்களுக்காக ஒரு செயலி செய்திருந்தான். நாற்பத்தொரு பேர் நண்டு வலை போடும் இடங்கள் அதில் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்று அந்தத் தரவை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டது. கொடுத்தால் அவனுக்கு அங்கேயே வேலை. கொடுத்தால் கம்பனியின் இயந்திரப் படகுகள் நேராக அந்த இடங்களுக்குப் போகும். தரவை வெளியே கொடுக்க வளாகம் கேட்கும் ஒழுக்க அனுமதிப் படிவத்தில் ஹேசலின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவர் கேட்டார்.

“இத வேற ஆக்களுக்குக் குடுப்பம் எண்டு மீனவர்களுக்குத் தெரியுமா?”

“நாப்பத்தொரு பேரும் ஓம் எண்டு சொல்லியிரிக்காங்க மிஸ். ரெக்கோடிங் இரிக்கு.”

“போடுங்க பாப்பம்.”

இராசதுரை என்ற மீனவரின் பதிவு ஒலிபெருக்கியில் ஓடியது. சிவதர்ஷன் சம்மதப் படிவத்தை நீளமாக வாசிக்கிறான். வாக்கியத்துக்கு வாக்கியம் அவர், “ஓம்... ஓம் மனே... ஓம்” என்கிறார். கடைசியில், “மூன்றாம் தரப்புக்கு வழங்கச் சம்மதமா ஐயா?”

“ஓம், சொல்லுங்க.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மனிதர் இன்னும் விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து றிஸ்னா, “எங்கட உம்மாவும் போனில இப்பிடித்தான் மிஸ், அரை மணித்தியாலம் ஓம், ஓம்” என்றாள். சிவதர்ஷன் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தச் சம்மதப் படிவத்தத் தமிழ்ல எழுதித் தந்தது நீங்கதானே மிஸ்? ஓம், இல்ல எண்டு ரெண்டு பெட்டி போட்டதும் நீங்கதான்.”

ஹேசல் வெண்கட்டியை மேசையில் வைத்தார்.

“ஓம்,” என்றார். பிறகு, “பிழை என்ட பக்கம்தான். திரும்பப் போய்க் கேப்பம்.”

மறுநாள் ஹேசல், சிவதர்ஷன், நான் மூவரும் வாவிக்கரைக்குப் போனோம். இராசதுரை தோணியருகே வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஹேசல் ஒரே வசனத்தில் கேட்டார்: நீங்கள் வலை போடும் இடத்தை நண்டுக் கம்பனிக்குச் சொல்லலாமா?

கை நின்றது.

“என்ட மச்சானுக்கே அந்த எடத்தக் காட்டினதில்லகா நான்.” சிவதர்ஷன் பக்கம் திரும்பினார். “படிக்கிற பொடியன், சோதினைக்கு எண்டு சொன்னாய். அதான் தோணியில ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டின நான்.”

“நீங்க ஓம் எண்டு சொன்னீங்க ஐயா.”

“ஒரு மனிசன் கதைக்கக்குள்ள ஓம் எண்டு கேக்காம, மாடு மாதிரி பாத்துக்கிட்டா நிக்கிற?”

திரும்பும் வழியில் சிவதர்ஷன் ஓரிடத்தில் நின்று, “மிஸ், தம்பி தங்கச்சி மூண்டு பேர் படிக்காங்க. எனக்கு இந்த வேலை வேணும்” என்றான். ஹேசல் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை துறைத் தலைவர் உதயரூபன் அவரை அழைத்தார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

“மிஸ், ஒரு கையெழுத்து. அந்த ஆக்கள் வழக்குப் போடவா போறாங்க?”

“போடமாட்டாங்க. அதுதான் பயமா இரிக்கு.”

“உங்கட ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது.”

“தெரியும் சேர். நாப்பத்தொரு பேரிட்டயும் திரும்பக் கேட்டாத்தான் வைப்பன்.”

“நாளைக்குள்ள ஏலாது. அப்ப கையெழுத்த நான் வைக்கிறன்.”

ஹேசல் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தரவு சிவதர்ஷனின் மடிக்கணினியில் இருந்தது. நடைபாதையில் அவன் அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். ஹேசல் அவனருகே ஒரு கணம் தயங்கி, பிறகு நடந்தார்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிவதர்ஷனுக்கு வேலை கிடைத்தது என்று றிஸ்னா சொன்னாள். ஹேசல் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வாவியில் புதிய படகுகளைக் கண்டால் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்வார். கம்பனியுடையவையா என்று பதிவெண்களைப் பார்ப்பார். நான் வேறு ஊர்களுக்குப் போக நினைத்து, பையைக் கட்டி, அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, ஹேசலின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கண்ணாடி இல்லாததால் என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார்.

“மிஸ், சிவதர்ஷன். அண்டைக்கு நான் குடுத்திட்டன். நாப்பது பேர்ட எடத்த. இராசதுரை ஐயாட மட்டும் அழிச்சிட்டன், அவர்ட முகம் கண்ணுக்குள்ள நிண்டதால. மற்ற நாப்பது பேரும் என்னத் தோணியில ஏத்தினவங்கதான். போன மாசம் வேலைய விட்டிட்டன். நாளைக்கு ஊருக்கு வாறன். நாப்பது வீட்டுக்கும் போய்ச் சொல்லோணும். தனியாப் போகப் பயமா இரிக்கு மிஸ்.”