தொப்பி பதிந்த நெற்றி

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் காலை ஃபெர்ரியில், தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரவு வேலை முடிந்த முகம். வேலைத் தொப்பி நெற்றியில் கோடாகப் பதிந்திருந்தது. அதை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கடல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. என் பழைய ஃபிலிம் கேமராவைத் தூக்கி, வெளிச்சம் காட்டும் முள் நடுவில் நிற்கும்வரை வளையத்தைத் திருகி, பட்டனை அழுத்தினேன். அழுத்திக் கொஞ்சம் தாமதித்துத்தான் அதில் ஷட்டர் திறக்கும். அதற்குள் அவர் நிமிர்ந்து, "வேணாம் தம்பி" என்றார். படம் விழுந்துவிட்டது.

"இந்தக் கோலத்துலயா எடுப்பாங்க? அழிச்சிடு லா."

ஃபிலிமில் விழுந்ததை அழிக்க முடியாது. ஏதோ ஒரு குமிழைத் திருகிவிட்டு, "அழிச்சிட்டேங்க்கா" என்றேன்.

"தேங்க்யூ தம்பி." நெற்றியைத் தேய்ப்பதை விட்டுவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். நெற்றிக் கோடுகூடத் தெளிவாக இருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சொல்ல வர்றாங்க?" என்று கேட்கிறார்கள்.

காதில் விழவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.