எனக்காக வைத்த தழை

பங்குனியில் எங்கள் மலைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதில்லை. பையும் தொப்பியுமாக அவர்கள் வந்து இறங்குவதெல்லாம் மழை முடிந்த பிறகு, தை மாதம் வரைக்கும்தான். அப்போது போடிக்கு மேலே அடிவாரத்தில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும், டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்துவிடும். தீக்காலம் என்று வனத்துறை யாரையும் காட்டுக்குள் விடாது. ஆனால் பாதி மலை வரை தோப்புக்காரர்கள் நடக்கிற பாதை ஒன்று உண்டு. அது போய்ச் சேருகிற சிற்றூரில் என் தோழியின் கொழுந்தனாருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. வருடம் தவறாமல் பங்குனியில் அங்கே ஏறிப் போய், ஒரு பகல் இருந்துவிட்டு இறங்குவோம். ஆள் இல்லாத மலைதான் எங்களுக்குப் பிடிக்கும். சீசனில் வருகிறவர்கள் மலையைப் பார்க்கவா வருகிறார்கள், அவர்களை அவர்களே படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாங்கள் என்றால் நான்கு பெண்கள். போடி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் என் தோழி, அவளுடைய நாத்தனார், தேனியில் நர்ஸாக இருப்பவள் ஒருத்தி, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தோடு மல்லுக்கட்டும் நான். ஐந்தாவதாக ஒரு டீச்சரும் இருந்தார். சில வருடங்களுக்கு முன்னால் இறந்துபோனார்.

அந்தப் பாதையில் முதல் திருப்பத்தில் ஒரு கருப்பசாமி கல் இருக்கிறது. கோயில் என்று சொல்ல முடியாது, எண்ணெய் ஏறிய கல், அவ்வளவுதான். மேலே போகிறவர்கள் அவரவர் கையால் ஒரு பச்சைத் தழையை ஒடித்து, நுனி ஊரைப் பார்க்க அதன் முன்னால் வைப்பார்கள். திரும்பி ஊருக்கு வருவோம் என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் போவதாக அர்த்தம். இறங்கும்போது அவரவர் தழையை எடுத்துப் பக்கத்து ஓடையில் போட்டுவிட வேண்டும். எடுக்காமல் போனால் ஆள் மலையிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கு. இனி மலையேற வராதவர்களுக்கு மட்டும் மற்றவர்கள் வைக்கலாம். அதை நுனி மலையைப் பார்க்க வைப்பார்கள், திரும்ப எடுக்கமாட்டார்கள். டீச்சருக்கு அப்படித்தான் வருடாவருடம் என் தோழி வைத்து வந்தாள்.

போன வருடம் எனக்கு மதுரையில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பங்குனியில் மலையேறலாமா என்று. அவர் சிரித்துவிட்டு, நடந்து பழகுங்கள், ஏறலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பனிக்காலம் முழுக்க நடந்தேன். விடியும் முன்னே பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து நடப்பேன். பிறகு சாலை, பிறகு கரட்டு மேடு. “ஒலிம்பிக்குக்கா போற?” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்கு அந்த நால்வரில் ஒருத்தியாக மறுபடி நிற்க வேண்டும். நோயாளி என்கிற பட்டத்தை அந்தக் கல்லுக்கு முன்னால் கழற்றிப் போட வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்த வருடம் எனக்கு இல்லை.

மாசிக் கடைசியில் தோழி போன் செய்தாள்.

“ஏத்தா, இந்த வருசம் மலை இல்ல. பாதையில புதுசா இரும்புக் கேட்டு போட்டுருக்காகளாம். யாரையும் விடமாட்டேங்குறாகளாம்.”

“உன் கொழுந்தனார் தோப்புக்காரர்தானே?”

“அவுகளையே ஆயிரம் கேள்வி கேக்குறாகளாம். சித்திரை கழியட்டும், பாப்போம்.”

நம்பினேன். முப்பது வருடமாக அவள் சொன்ன எதை நான் நம்பாமல் இருந்திருக்கிறேன்? சில நாள் கழித்து மறுபடி பேசினாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு பெட்டி பழம் அனுப்ப முடியுமா என்றாள். நல்ல பந்தலாகப் பார்த்து நானே கொத்துக் கொத்தாக நறுக்கி, வைக்கோல் பரப்பி அடுக்கி, போடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பங்குனி நடுவில் போடியில் ஒரு காதுகுத்து. காலையிலேயே சாப்பாடு முடிந்துவிட்டது. தோழியின் கடைக்குப் போனால் பூட்டியிருந்தது. சரி, மலையைக் கீழே இருந்தாவது பார்த்துவிட்டு வரலாம் என்று அடிவாரத்துக்குப் பஸ் ஏறினேன். ஜீப் ஒன்றுகூட இல்லை. வழக்கமான டீக்கடையில் அந்தம்மா மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. உடம்புக்கு முடியலன்னு சொன்னாகளே, இப்பத் தேவலையா?”

“யாரு சொன்னா?”

“போன வெள்ளிக்கிழமை மூணு பேரும் வந்தாகளே. உங்க தோட்டத்துப் பழம்னு எனக்கும் ரெண்டு கொத்து குடுத்தாக. கல்கண்டு கணக்கா இருந்துச்சு.”

“பாதையில கேட்டு போட்டுட்டாகன்னு சொன்னாக.”

“இந்தப் பாதைக்கு ஏதுக்கா கேட்டு? மாடு போகுது, கழுதை போகுது.”

டீயை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். அதுவும் என் தோட்டத்துப் பழத்தை என்னிடமே கேட்டு வாங்கி, என்னை விட்டுவிட்டுப் போய்த் தின்றிருக்கிறார்கள். வர வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் அடங்கியும் இருப்பேன். சண்டை போடக்கூட லாயக்கில்லாதவளாக என்னை ஆக்கிவிட்டார்கள்.

கல் வரைக்குமாவது போகலாம் என்று நடந்தேன். இலவங்காய்கள் வெடித்துப் பாதையெல்லாம் பஞ்சு கிடந்தது. மூச்சு வாங்கவே இல்லை.

கல்லுக்கு முன்னால் இரண்டு தழைகள் கிடந்தன. போனவர்கள் இறங்கும்போது தங்களுடையதை எடுத்துவிட்டார்கள், முறைப்படி. மிச்சம் இருந்த இரண்டும் வாடிப்போய், பக்கத்தில் பக்கத்தில், நுனி மலையைப் பார்த்துக் கிடந்தன. ஒன்று டீச்சருக்கு. இன்னொன்று யாருக்கு என்று யோசித்தேன். எங்கள் கூட்டத்தில் வேறு யாரும் சாகவில்லையே. அப்புறம்தான் புரிந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போனை எடுத்துத் தோழியைக் கூப்பிட்டேன். அந்தத் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்.

“கல்லுகிட்ட உக்காந்திருக்கேன். ரெண்டு தழை கெடக்கு,” என்றேன்.

அவள் எதையும் மறுக்கவில்லை.

“உன் நல்லதுக்குத்தான்த்தா. வழியில உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? உன்னை விட்டுட்டு ஏறவே மனசு வரல. அதான் நீயும் கூட இருக்கிற மாதிரி இருக்கட்டும்னு ஒண்ணு ஒடிச்சு வச்சு, நல்லா கும்பிட்டுட்டுத்தான் போனோம்.”

“நுனி எங்கன பாத்துக் கெடக்கு?”

“வராதவுகளுக்கு அப்படித்தானத்தா வைக்கணும்?”

அவள் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாசத்தோடுதான் வைத்திருக்கிறாள். பாசத்தோடு, கும்பிட்டு, உயிரோடு இருக்கிற என்னை டீச்சருக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டாள். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

இரண்டில் எனக்கு வைத்தது எது என்று தெரியவில்லை. டீச்சருடையதைத் தொட்டுவிடக் கூடாதே என்று இரண்டையும் அப்படியே விட்டேன். புதிதாக ஒரு கொப்பை ஒடித்து, நுனி ஊரைப் பார்க்க வைத்துவிட்டு ஏறினேன். வேகமாக இல்லை. நின்று நின்று, மூச்சை அளந்து ஏறினேன். மேலே போனபோது முதல் மழைக்குக் காப்பி பூத்திருந்தது, ஊரே மல்லிகைக் கொல்லை மாதிரி மணத்தது. தோழியின் கொழுந்தனார் என்னைப் பார்த்துத் திகைத்து, “தனியாவா வந்தீக?” என்று கேட்டுவிட்டு, வெல்லக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்த மணத்தை ரசிக்க எனக்கு மனசு இல்லை. ஏறிவிட்டேன் என்கிற சந்தோஷத்தையும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் எதையும் முதலில் சொன்னது அவளிடம்தான்.

பொழுது சாயும் முன்னே இறங்கினேன். கல்லுக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினேன். என் தழை பச்சையாகவே கிடந்தது. எடுக்காமல் நிமிர்ந்து நடந்துவிட்டேன்.

நான் ஓடைப்பட்டி வந்து சேர்ந்து விளக்குப் போடும்போது தோழி போன் செய்தாள். டீக்கடை அம்மாவின் வீட்டுக்காரர் மாடு பத்திக்கொண்டு வரும்போது பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

“உன் தழை அங்கனயே கெடக்காமே. எடுக்காம வரலாமா? எனக்குப் பயமா இருக்குத்தா. நாளைக்கே நான் போய் எடுத்துப் போட்டுர்றேன். நீ இறங்கிட்டேல்ல?”

“அதை அவுகவுகதான் எடுக்கணும்,” என்றேன்.

“ஏத்தா, வாயத் தொறந்து சொல்லு. இறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு.”

“இல்ல. நான் இன்னும் இறங்கல,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.