கூடைக்குக் கீழே

தேர் நகர்கிறது. கூட்டத்தில் எல்லார் தலையும் அம்மன் பக்கம் நிமிர்ந்திருக்க, துர்காதேவி மட்டும் ஜனங்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். யார் முதலில் வந்து நின்றது, யார் பின்னாலிருந்து நெருக்கியது, எந்தச் செருப்பு எந்தச் செருப்பை மிதித்தது என்று அவர் கண் தரையிலேயே மேய்கிறது. "சாமியக் கும்பிடு. இங்கயும் வந்து ஃபவுலு பாக்காத" என்கிறார் கணவர் அருள்பாண்டி. துர்காதேவி கும்பிடுகிறார். கும்பிட்ட கை பிரிவதற்குள் கண் மறுபடி கீழே போய்விடுகிறது.

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஊருக்கு அவர் 'விசில் டீச்சர்'. சனி, ஞாயிறுகளில் கல்லூரி கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருந்தவர். கொத்தமங்கலத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண், சாம்பல் நிறச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு ஆம்பிளைப் பிள்ளைகள் ஆட்டத்துக்கும் ஊதப் போனபோது சொந்தக்காரர்கள் பேசாததில்லை. அவர் காதில் வாங்கவில்லை. மைதானத்தில் கேட்காத பேச்சா. "நூறு பேரு திட்டுனா ஆட்டம் சரியாப் போகுதுன்னு அர்த்தம். ஒரே காலேஜுக்காரன் மட்டும் கையத் தட்டுனாத்தான் நான் எங்கயோ தப்பா ஊதியிருக்கேன்" என்பார்.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தால் சத்தத்தை நிறுத்திவிடுவார். யார் ஜெயித்தது என்று கேட்டால் பாதி நாள் தெரியாது. நடுவர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எந்தப் பக்கம் முகம் திரும்பியது என்று மட்டும் சொல்வார். "பந்தப் பாக்க ஊரே இருக்கு. பந்து இல்லாத எடத்தப் பாக்கத்தான் நம்மளக் கூப்புடுறாக." உடன் ஊதுகிற நடுவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம்.

போன வருஷத்துக்கு முந்திய மாசியில் ஒரு தனியார் கல்லூரியில் பெண்கள் இறுதி ஆட்டம். போட்டியை நடத்துகிற கல்லூரியின் அணியே ஒரு பக்கம்; சிவகங்கையிலிருந்து வந்த அணி எதிர்ப் பக்கம். துர்காதேவியோடு ஊத வந்தவர் நெற்குப்பை முருகப்பன். மூத்த நடுவர், நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். அதனாலேயே எல்லாக் கல்லூரியும் அவரைக் கூப்பிடும். எங்கள் பக்கத்தில் போட்டி நடத்துகிற கல்லூரிதான் நடுவரைத் தேர்ந்தெடுக்கிறது. தன் பிள்ளைகள்மேல் அதிகம் ஊதியவரை மறு வருஷம் அது கூப்பிடுவதில்லை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

உள்ளூர் அணியில் ஐந்தாம் எண் போட்டுக்கொண்டு ஒரு உயரமான பெண். கூடைக்குக் கீழே இடம் பிடிக்க முழங்கையை வீசுவாள். துர்காதேவி முதல் பாதியில் மூன்று முறை ஃபவுல் ஊதி, மூடிய கையை உயர்த்தி, புள்ளி குறிக்கிறவர்களிடம் ஐந்து விரலைக் காட்டினார். இடைவேளையில் கல்லூரிச் செயலர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "டீச்சர், பசங்க ஆச ஆசையா வந்து உக்காந்திருக்காக. கொஞ்சம் ஆட்டத்த ஓட விடுங்க." துர்காதேவி பாட்டிலை வாங்கவில்லை. முருகப்பன் சிரித்துத் தலையாட்டினார்.

கடைசி நிமிஷங்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து பந்தை எறிந்தாள். எறிந்தவளைப் பார்க்க வேண்டியது துர்காதேவி, பார்த்தார். கூடைக்குக் கீழே நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டியது முருகப்பன். பந்து வளையத்தில் பட்டுச் சுற்றியது. அந்தக் கணத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி இருந்தது என்று துர்காதேவி பின்னால் சொன்னார். திரும்பியபோது சிவகங்கை அணியின் அபி முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். துர்காதேவி முருகப்பனைப் பார்த்தார். அவர், ஒன்றுமில்லை, தொடரலாம் என்று கையை விரித்தார்.

துர்காதேவி வாயில் விசில் இருந்தது. பார்க்காததற்கு ஊதக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அவர் பார்க்கவில்லை. பந்து இன்னொரு முறை மேலே போய் விழுந்த பிறகுதான், அடிபட்டவளுக்காக ஆட்டம் நின்றது. உள்ளூர் அணி கோப்பையை வாங்கியது.

அன்றைக்கே யாரோ ஒரு மாணவி கைப்பேசியில் எடுத்த வீடியோ படம் அவருக்கு வந்துசேர்ந்தது. அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஐந்தாம் எண் பின்னால் பார்த்து, ஆள் நிற்பது தெரிந்தே, முழங்கையை இறக்குகிறாள். இரண்டு எட்டு தள்ளி முருகப்பன். அவர் முகம் மேலே, வளையத்தைப் பார்த்து.

அபியின் இடது கண்ணை மதுரையில் காப்பாற்ற முடியவில்லை. காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர அவள் ஓட்டம், உயரம் எல்லாம் தேறி வைத்திருந்தாள். கண் பரிசோதனையோடு அது முடிந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அவள் அம்மா சோலையம்மாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் துர்காதேவியை உட்காரச் சொல்லி இடம் விட்டார். "ஒங்களச் சொல்லி என்ன டீச்சர் செய்ய. நீங்க முன்னாடி ஊதுனீகளாமே, எம்மக சொன்னா." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று துர்காதேவி வீட்டில் வந்து சொன்னார். அதற்குமேல் அருள்பாண்டியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

நடுவர் சங்கக் கூட்டத்தில் பேசினார். கல்லூரி ஆட்டத்துக்கு இரண்டு கண் பத்தாது, மூன்றாவதாக ஒரு நடுவர் வேண்டும். நடுவரைச் சங்கம் அனுப்பவேண்டும், கல்லூரி கூப்பிடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் படத்தைப் போட்டு, எங்கே தவறவிட்டோம் என்று நடுவர்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு தலைவர் கேட்டார்: "நீங்க அறிக்கையில முழங்கையால அடிச்சதா எழுதியிருக்கீக. நேர்ல பாத்தீகளா?"

"இல்ல. படத்துல பாத்தேன்."

"நீங்கதானே பாக்காததுக்கு ஊதக் கூடாதுன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டு இருக்கீக. முருகப்பன் சார் தற்செயல்னு எழுதிக் குடுத்துட்டாக. பக்கத்துல நின்ன ஆளு அவுக."

துர்காதேவி உட்கார்ந்துவிட்டார். தற்செயல் என்றே பதிவானது. காப்பீடு கேட்டுப் போன சோலையம்மாளிடமும் கல்லூரியில் அதையேதான் சொன்னார்கள்: வெளையாட்டுன்னா நடக்குறதுதாம்மா.

அதற்குப் பிறகு துர்காதேவிக்கு எந்தக் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அருள்பாண்டி, "விட்டுட்டு நிம்மதியா இரேன்" என்றார். அவர் விடவில்லை. கண்டனூரில் ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடுவர்களைக் கூப்பிட்டார். மரத்தடியில் மடிக்கணினியை வைத்து, அவரவர் ஊதிய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். முதலில் தான் தவறவிட்டதைத்தான் காட்டுவார். "இந்தா, இங்குட்டு ரெண்டு எட்டு வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். சோம்பேறித்தனம்." வந்தவர்கள் நாலைந்து பேர். மழைக்காலத்தில் இரண்டு பேர். ஒரு ஞாயிறு முருகப்பன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏன் வந்தார் என்று துர்காதேவி கேட்கவில்லை. அவர் அடுத்த வாரமும் வந்தார்.

அந்த இறுதி ஆட்டத்தின் படத்தை மட்டும் அங்கே ஒருநாளும் போட்டதில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, மைதானத்துக்கு ஆட்டோவில் அபி வந்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை, இன்றைக்கு விடுமுறை என்றாள். நடக்கும்போது தலையை லேசாக இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், என் ஆட்டம் ஒங்ககிட்ட இருக்காம்ல. நான் பாக்கணும்."

"எதுக்கும்மா இப்ப?"

"எல்லாரும் பாத்துட்டாக. நான் மட்டும் பாக்கல."

துர்காதேவி படத்தைத் தேடி ஓட்டினார். அபி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைச் சாய்த்து, திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். முழங்கை இறங்கியபோது அவள் உடம்பு அசையவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"இந்தச் சாரு மேல என்ன பாக்குறாரு?"

கடைசி பெஞ்சில் முருகப்பன் எழுந்துவிட்டார். "நாந்தாம்மா அது. பந்தப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார்.  நின்றபடியே இருந்தார்.

அபி அவரை ஒரு தடவை பார்த்தாள். கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. துர்காதேவி பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மாவ அந்தக் காலேஜுல மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாக. விளையாட்டுல இதெல்லாம் சகஜம்னு வீட்டுக்கு வர்றவுகளும் சொல்றாக. நானே சமயத்துல அப்படித்தானோன்னு நெனச்சுக்கிறேன். எனக்குக் காசு பணம் வேணாம் டீச்சர். அது ஃபவுலா, இல்லையா? அத மட்டும் ஒருத்தராச்சும் சொல்லுங்க."

 அறிக்கையில் எழுதியதை, சங்கத்தில் சொன்னதை, எல்லாம் துர்காதேவி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செருப்பை விட்டுவிட்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயில் ஏறியிருந்த சிமெண்டுத் தரையில் நடந்து கூடைக்குக் கீழே போய் நின்றார். பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். அந்தக் காலி மைதானத்துக்கு அது மிகப் பெரிய சத்தம். மூடிய கையைத் தலைக்குமேல் உயர்த்தினார். பிறகு, புள்ளி குறிக்கிறவர்களின் மேசை இருக்கவேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துத் திரும்பி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, முழங்கையை மடக்கி, மெதுவாகப் பின்னால் வீசிக் காட்டினார்.