சுந்தரேசன் கிச்சனின் பூட்டு

என் மாமனார் சுந்தரேசன் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று மாமியாருக்கே இன்றுவரை தெரியாது. மாரெட்பள்ளி வீட்டில் கேஸ் இணைப்பு முதல் வைஃபை வரை எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கும். நான் சமைத்து அனுப்பும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வெப் ஆப் செய்தபோது, அதன் இணைய முகவரியான டொமைனையும் அவரே தன் கணக்கில் பதிவு செய்துகொண்டார். பெயர், சுந்தரேசன் கிச்சன். மனிதர் வெந்நீர்கூட வைத்ததில்லை.

கொண்டாப்பூரில் ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு தினமும் என்னிடம் சாப்பாடு வாங்கத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமைக்குள் ஆப் எச்சரிக்கை காட்டாமல் திறக்க வேண்டும். அதற்கு டொமைன் கணக்கில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். பெயரை ஆப்புக்குத் திருப்பும் வரியை மாமனார் போட்டார். அடுத்தது, டொமைன் நம்முடையதுதான் என்று காட்ட ஆப்பை இணையத்தில் ஓட்டும் கிளவுட்காரர்கள் தந்த நீளமான எழுத்துக் கோவை. அதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது சீக்ரெட் கோடுன்னோ? ஊரே பாக்கற எடத்துல போடச் சொல்றியே!"

"எல்லாரும் பாக்கணும்னுதான் மாமா குடுத்திருக்கா. இதைப் போட்டாத்தான் பாதுகாப்பு சர்டிபிகேட் வரும், எச்சரிக்கை போகும்."

"என் சர்வீஸ்ல ஒரு சீக்ரெட்டைக்கூட வெளில விட்டதில்லை. பாஸ்வேர்டும் தரமாட்டேன். வேண்டாம்னா வேண்டாம், நக்கோன்னா நக்கோ."

என் கணவர் ஜெயராம் தலை நிமிராமல் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தட்டைப் பிடுங்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் ஆப் திறந்த இடமெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று வந்தது. மாமனார் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'யாரும் இதில் ஆர்டர் பண்ண வேண்டாம். நான் அப்போதே சொன்னேன்.' அத்தனை பேரும் பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

அன்று மத்தியானமே என் பெயரில், என் கார்டில், வேறொரு டொமைன் வாங்கினேன். இரண்டு வரிகளையும் நானே போட்டேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொண்டாப்பூர் ஆர்டரும் வந்தது.

சாயங்காலம் மாமனார் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஸ்மிதா கிச்சனாமே! என் பேர் எங்க?"

"உங்ககிட்டயேதான் இருக்கு மாமா. பத்திரமா வெச்சுக்கோங்கோ. இனிமே அது யாருக்கும் வேண்டாம்."

ஜெயராம் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நான் நாளைய சாம்பாருக்குப் பருப்பு அளக்கப் போனேன்.